73 கிலோவில் 11 வாரங்கள்

2023 ஆகஸ்ட் 5 அன்று காலை, வெறும் வயிற்றில் நான் பார்த்த எடை 73.8 கிலோ. அதே ஆண்டு அக்டோபர் 21 அன்றும், அதே கருவியில், அதே நேரத்தில், 73.8 கிலோ. இடைப்பட்ட 11 வாரங்களில் அது 73.1-க்கு இறங்கியதும் உண்டு, 75-ஐத் தொட்டதும் உண்டு; ஆனால் ஆடி அடங்கி வந்து நிற்கும் இடம் மட்டும் மாறவில்லை. சாப்பாட்டைக் குறைத்தும் எடை அசையாமல் நிற்கும் இந்தத் தேக்கத்துக்கு ஊரில் ஆளுக்கொரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். உடம்பு பழகிவிட்டது என்பார் ஒருவர். வெந்தயத் தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும் என்பார் இன்னொருவர். என் விஷயத்தில் காரணம் எங்கே இருந்தது என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஏறக்குறைய மூன்று மாதம் ஆயிற்று. அதில் முதல் பாதி எப்படி வீணாகப் போனது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எனக்கு அப்போது 43 வயது. உயரம் 158 செ.மீ. மயிலாடுதுறை வட்டாரத்தில் ஓர் அஞ்சலகத்தில் கவுன்ட்டர் வேலை. கணவர், கல்லூரிக்குப் போகும் மகன், மாமியார், நான் என நான்கு பேர் வீடு. அந்த ஆண்டு பொங்கல் முடிந்த வாரத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையில், மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்பிஏ1சி 6.1 என்று வந்தது. 5.7-ஐத் தொட்டால் நீரிழிவின் வாசற்படி, 6.5-ஐத் தொட்டால் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது என்று டாக்டரம்மா சொன்னார். எடை 84.6 கிலோ. உயரத்துக்கு எடை பொருந்துகிறதா என்று காட்டும் உடல் நிறை குறியீடு, இந்தியர்களுக்கு 23-ஐத் தொட்டாலே கூடுதல் எடை, 25-ஐத் தொட்டால் உடற்பருமன் என்று அப்போது வைத்திருந்தார்கள். எனக்கு அது 34-ஐ நெருங்கியிருந்தது.

முதல் ஆறு மாதம் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. எனக்கு மட்டும் தனியாக ஒரு சிறிய வாணலியில், இரண்டு தேக்கரண்டி எண்ணெய்க்குள், காய் வதக்கிக்கொண்டேன். சோற்றை ஒரு கிண்ணத்தில் அளந்து போட்டுக்கொண்டேன். மாலையில் காவிரிக்கரைப் பக்கம் 40 நிமிடம் நடந்தேன். நாளுக்கு 1,500 கலோரி என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். 28 வாரங்களில் 10.8 கிலோ குறைந்தது; சராசரியாக வாரத்துக்கு 400 கிராமுக்குச் சற்றுக் குறைவு. பழைய ரவிக்கைகளைப் பிடித்துத் தைக்கக் கொடுத்தேன். கவுன்ட்டருக்கு வருகிறவர்கள் "என்னம்மா, உடம்புக்கு ஏதாவது முடியலையா?" என்று கேட்கும் அளவுக்கு மாற்றம் தெரிந்தது. நம் ஊரில் ஒருவர் மெலிந்தால் முதலில் வரும் கேள்வி அதுதான்.

ஆகஸ்டில் எடை நின்றது. முதல் மூன்று வாரம் பொறுத்திருந்தேன். நான்காவது வாரம் பொறுமை போய்விட்டது. இரவுச் சாப்பாட்டை நிறுத்தி, காலை இட்லியை நான்கிலிருந்து இரண்டாக்கி, கணக்கை 1,000 கலோரிக்கு இறக்கினேன். ஐந்தே நாளில் 900 கிராம் குறைந்தது. வெற்றி என்று நினைத்தேன். உண்மையில் அதில் பெரும்பகுதி தண்ணீர் என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்: ஈரலிலும் தசையிலும் சேமிப்பாக இருக்கும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து, ஒரு கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், சாப்பாடு திடீரென்று குறையும்போது அந்தச் சேமிப்பு கரைய, அது பிடித்து வைத்திருந்த தண்ணீரும் போய்விடுகிறது. மூன்று வாரம் அப்படியே ஓட்டினேன். தலை சீவும்போது சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. ஒரு நாள் மதியம் கவுன்ட்டரில் கண் இருட்டிக்கொண்டு வந்து, ஒரு பெரியவருக்கு 200 ரூபாய் அதிகமாகச் சில்லறை கொடுத்துவிட்டேன்; அவர் நல்ல மனிதர், எண்ணிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஓர் உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்தவள், இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டது பாதாம் அல்வா என்பது நினைவிருக்கிறது. மற்றவை நினைவில் இல்லை. குறைந்த 900 கிராமும் அடுத்த ஐந்து நாளில் வீடு திரும்பிவிட்டது.

பிறகு டாக்டரம்மாவிடம் போனேன். தைராய்டாகத்தான் இருக்கும் என்று எனக்கு ஓர் எண்ணம். எண்ணம் என்பதைவிட ஆசை என்றே சொல்ல வேண்டும். தைராய்டு என்றால் ஒரு மாத்திரையோடு போயிற்று, நம் மேல் குற்றமில்லை. தைராய்டைக் காட்டும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தது. ஹீமோகுளோபின்தான் 10.4-க்கு இறங்கியிருந்தது, பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "பட்டினி கிடப்பதை முதலில் நிறுத்துங்கள், என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதை ஒரு வாரம் எடை போட்டுப் பாருங்கள், எழுதிப் பார்ப்பது போதாது" என்றார். எடை தேங்கி நிற்கும் எவரும் முதலில் தைராய்டு, ரத்தசோகை, எடுத்துக்கொள்ளும் மற்ற மருந்துகள் ஆகியவற்றை மருத்துவரிடம் பார்த்துவிடுவது நல்லது என்றே சொல்வேன். சில மருந்துகள் எடையைக் கூட்டக்கூடியவை, அதை நாமாக ஊகிக்க முடியாது.

எடை போட்டுப் பாருங்கள் என்று அவர் சொன்னது எனக்குச் சற்று உறைத்தது. பிள்ளைகளுக்கு ஊறுகாயும் பருப்புப் பொடியும் அனுப்ப வருகிற பெற்றோரின் பார்சல்களைக் கிராம் பிசகாமல் எடை போடுவதுதான் என் தொழில்; ஸ்பீட் போஸ்ட் உறை 50 கிராமுக்கு மேல் இரண்டு கிராம் போனாலும் கட்டணம் மாறும் என்று சொல்லி எத்தனையோ பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அப்படிப்பட்ட நான் வீட்டில் "ஒரு கரண்டி", "ஒரு கைப்பிடி" என்று எழுதி வைத்திருந்தேன். அந்த நாட்களில்தான் 1992-இல் நியூயார்க்கில் நடந்த ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டாலும் எடை குறையவில்லை என்று சொன்னவர்களை அழைத்து, அவர்கள் உண்மையில் எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்பதை ஆய்வுக்கூட முறைகளால் அளந்திருக்கிறார்கள். அவர்களுடைய உடல் எரிக்கும் ஆற்றலில் குறையில்லை. சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். அவர்கள் பொய் சொல்ல நினைத்தவர்கள் அல்லர், நம்பித்தான் சொன்னார்கள். படித்தபோது எனக்கு முகம் சுட்டது.

450 ரூபாய்க்கு ஒரு சமையலறைத் தராசு வாங்கினேன். முதலில் எடை போட்டது எண்ணெய்த் தூக்கை. ஒரு ஞாயிறு காலை நிறையக் கடலை எண்ணெய் ஊற்றி எடை பார்த்துச் சுவரில் பென்சிலால் குறித்து வைத்தேன். மாமியார் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஏம்மா, எண்ணெய்க்குமா தபால் தலை ஒட்டப் போறே?" என்று கேட்டார். "இல்ல அத்தை, ஒரு வாரத்துக்கு எவ்வளவு போகுதுன்னு பார்க்கலாம்னுதான்" என்றேன். அடுத்த ஞாயிறு காலை தூக்கில் 840 கிராம் குறைந்திருந்தது. நான்கு பேர், ஏழு நாள் என்று வகுத்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 30 கிராம். எண்ணெய் எதுவானாலும், செக்கில் ஆட்டியதானாலும் பாக்கெட்டானாலும், கிராமுக்கு 9 கலோரி. ஆக 270 கலோரி. என் குறிப்பேட்டில் எண்ணெய்க்கு நான் போட்டிருந்தது 80.

எங்கே தவறினேன் என்று யோசித்தபோது விடை எளிதாகவே கிடைத்தது. ஜனவரியில் எனக்கென்று தனி வாணலி வைத்திருந்தேன். ஜூன் மாதம் மகனுக்குத் தேர்வு, எனக்கு வேலை நெருக்கடி. ஒரு வாரத்துக்கு என்று சொல்லி எல்லோருக்கும் ஒரே பொரியலாகச் செய்யத் தொடங்கி, அதுவே வழக்கமாகிவிட்டது. வாணலி மாறியது, குறிப்பேடு மாறவில்லை. பழைய எண்ணையே நாள்தோறும் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவதாகச் சிக்கியது மாவுக் கரண்டி. வாரத்தில் நான்கு இரவு எனக்கு மூன்று தோசை. குறிப்பேட்டிலும் மூன்று தோசை. எண்ணிக்கையில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் மே மாதம் பழைய குழிக்கரண்டியின் கைப்பிடி கழன்றுவிட்டதால், கும்பகோணம் போனபோது பாத்திரக் கடையில் புதிதாக ஒன்று வாங்கியிருந்தோம். பரண் மேல் கிடந்த பழையதைத் தேடி எடுத்து, இரண்டிலும் மாவை முகந்து தராசில் வைத்தேன். பழையதில் 70 கிராம், புதியதில் 105 கிராம். மூன்று தோசைக்கு 105 கிராம் மாவு அதிகம்; அதாவது, பழைய கணக்குப்படி பார்த்தால், நான் நான்கரைத் தோசை சாப்பிட்டுவிட்டு மூன்று என்று எழுதிக்கொண்டிருந்தேன். அரிசியும் உளுந்தும் நாங்கள் போடும் விகிதத்துக்கு அது ஏறக்குறைய 150 கலோரி. கரண்டியை வாங்கியவளும் நான், மாவை ஊற்றியவளும் நான். தோசை கல்லில் பெரிதாக விரிந்ததை ஐந்து மாதம் பார்த்துக்கொண்டிருந்தவளும் நானேதான்.

சாப்பாட்டைப் பற்றியே இவ்வளவு சொல்லிவிட்டேன். நடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாலை நடையை நான் விடவில்லை, அதனால் உழைப்பில் குறையில்லை என்று உறுதியாக நம்பியிருந்தேன். கைப்பேசியில் மாத வாரியாகப் பார்த்தபோது மார்ச் மாதச் சராசரி நாளுக்கு 7,500 அடி, செப்டம்பரில் 4,900 என்று இருந்தது. நடைப்பயிற்சிக்கு வெளியே நடக்கும் நடைதான் குறைந்திருந்தது. முன்பு அலுவலகத்தில் தபால் பையை எடுத்துவர நானே எழுந்து போவேன். செப்டம்பரில் "தம்பி, அதை எடுத்துக் கொடுப்பா" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டேன். மாடிக்குத் துணி காயப்போட ஒரு முறைக்கு இரு முறை போகிறவள், எல்லாவற்றையும் ஒரே வாளியில் அடைத்துக்கொண்டு போனேன். இதற்கு உடற்பயிற்சி அல்லாத அசைவு என்று பெயர். அமெரிக்காவின் மாயோ கிளினிக் மருத்துவமனையைச் சேர்ந்த ஜேம்ஸ் லெவின் குழு 1999-இல் 16 பேருக்கு எட்டு வாரம் நாளுக்கு 1,000 கலோரி அதிகம் கொடுத்துப் பார்த்தபோது, சிலர் அதிகமாக அசைந்தே அதில் பெரும்பகுதியைச் செலவழித்துவிட்டார்கள். அசைவு கூடாதவர்களுக்குத்தான் கொழுப்பு அதிகம் சேர்ந்தது. சாப்பாடு குறையும்போது இது எதிர்த்திசையில் நடக்கிறது. உடல் சொல்லாமல் கொள்ளாமல் அசைவைச் சுருக்கிக்கொள்கிறது. அதிலும் நான் மூன்று வாரம் அரைப்பட்டினி கிடந்தவள், ரத்தசோகை வேறு. 2,600 அடி என்பது என் எடைக்குத் தோராயமாக 100 கலோரி.

எடை குறைந்த உடலுக்குச் செலவும் குறைவு என்பது மிச்சக் காரணம். மிஃப்லின் சூத்திரம் என்று ஒன்று இருக்கிறது: பெண்களுக்கு, எடையைக் கிலோவில் 10-ஆல் பெருக்கி, உயரத்தைச் செ.மீ.-இல் 6.25-ஆல் பெருக்கிக் கூட்டி, வயதை 5-ஆல் பெருக்கிக் கழித்து, மேலும் 161 கழித்தால், சும்மா படுத்திருந்தாலும் ஒரு நாளைக்கு உடல் எரிக்கும் கலோரி ஏறத்தாழக் கிடைக்கும். 84.6 கிலோவில் எனக்கு அது 1,457, 73.8 கிலோவில் 1,349. என்னைப் போல் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கு அதை 1.4-ஆல் பெருக்கினால் மொத்தச் செலவு 2,040-இலிருந்து 1,890-க்கு வந்திருக்க வேண்டும். அப்படியென்றாலும் 1,500 கலோரி சாப்பிடுகிறவளுக்கு 390 கலோரி பற்றாக்குறை இருக்க வேண்டுமே, எடை ஏன் நின்றது என்பதுதான் கேள்வி. எண்ணெயில் 190, தோசையில் வாரச் சராசரியாக நாளுக்கு 85, நடையில் 100, கூட்டினால் 375. மாலையில் கவுன்ட்டர் கணக்கு முடிக்கும்போது கிடைக்கிற நிம்மதி அன்று எனக்குச் சமையலறையில் கிடைத்தது. இவ்வளவு நெருக்கமாகப் பொருந்தியது தற்செயல் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்த எண்கள் ஒவ்வொன்றிலும் முன்பின் இருக்கும், சூத்திரமே ஒரு மதிப்பீடுதான்.

எடை குறைந்தால் சூத்திரம் சொல்வதைவிடவும் உடல் செலவைக் குறைத்துக்கொள்வது உண்மையே. அமெரிக்கத் தொலைக்காட்சி எடைக் குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டு கழித்து அளந்தபோது, ஓய்வில் அவர்கள் எரிக்கும் ஆற்றல் எதிர்பார்த்ததைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்ததாகக் கெவின் ஹால் என்ற ஆய்வாளரின் குழு 2016-இல் வெளியிட்டது. அவர்கள் சில மாதங்களில் ஐம்பது, அறுபது கிலோ என்று குறைத்தவர்கள். மெதுவாகப் பத்துக் கிலோ குறைத்த நான் அதை எனக்குச் சாட்சியாகக் காட்டிக்கொள்வது நியாயமில்லை என்று தோன்றியது.

இன்னொன்றும் இருந்தது; அது எடையை நிறுத்தவில்லை, மறைத்தது. மாதவிடாய்க்கு முந்தைய வாரம் எனக்கு ஒரு கிலோவுக்கு மேல் ஏறும். நாட்களும் அந்த வயதில் முன்னும் பின்னுமாக வரத் தொடங்கியிருந்தன. அப்பளம், மோர்மிளகாய், ஊறுகாய் சேர்ந்த நாளின் மறுநாளும் ஏறும். அதனால் ஒருநாள் எடையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, தினமும் குறித்து வாரச் சராசரியை எடுத்து, அதையும் போன மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிடத் தொடங்கினேன். தொப்புள் உயரத்தில் இன்ச் டேப் வைத்து இடுப்பையும் அளந்தேன். முன்பு எப்போதோ ஆகஸ்டில் தையற்காரர் அளந்து எழுதிய சீட்டோடு ஒப்பிட்டால் 11 வாரத்தில் ஒன்றரை செ.மீ. குறைந்திருந்தது. எடை முற்றிலும் நின்றிருந்தது என்ற என் புலம்பலும்கூட முழு உண்மை இல்லை போலும்.

அக்டோபர் கடைசியில் மாற்றங்களைச் செய்தேன். தனி வாணலிக்குத் திரும்ப எனக்கு மனமில்லை. அது நிலைக்காது என்று ஏற்கெனவே தெரிந்துவிட்டது. வீட்டுக்கே எண்ணெயைக் குறைப்பது என்று முடிவெடுத்து, வாரத்துக்கான எண்ணெயை ஞாயிறன்று ஒரு சிறிய தூக்கில் அளந்து ஊற்றிவிட்டுப் பெரிய டின்னை மேலே ஏற்றிவிட்டோம். மாமியார் முதல் வாரம் வியாழக்கிழமையே தூக்கைக் கவிழ்த்துக் காட்டினார். இரண்டாவது வாரம் சனிக்கிழமை வரை வந்தது. கத்தரிக்காயை முதலில் மூடி போட்டு ஆவியில் வேகவைத்துவிட்டுக் கடைசியில் எண்ணெய் விடும் முறையை எனக்குக் கற்றுக்கொடுத்ததும் அவரே. பழைய கரண்டிக்கு ஈயக்காரரிடம் கைப்பிடி போட்டு வாங்கி வந்தோம்.

புரதம் எனக்கு மிகக் குறைவாக இருந்தது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் சொன்ன அளவு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.83 கிராம், எனக்கு 61 கிராம். நான் சாப்பிட்டது 40 கூட இல்லை. காலையில் இரண்டு முட்டை, மதியம் சோற்றைக் கால்பங்கு குறைத்து அந்த இடத்தில் கொண்டைக்கடலையோ பச்சைப்பயறோ சுண்டலாக, ஞாயிறன்று பூம்புகார்ப் பக்கமிருந்து வரும் மத்தி அல்லது சங்கரா மீன் குழம்பு. இதில் நான் கண்ட பெரிய லாபம், மாலை ஐந்து மணிக்கு அலுவலகத்தில் வரும் வடைப் பொட்டலத்தைப் பார்த்தால் கை போகாமல் இருந்தது. கூடவே வாரத்தில் மூன்று நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரைத் தள்ளுவது, 3 கிலோ டம்பெல் இரண்டைத் தூக்குவது என்று 20 நிமிடம். எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரையும் என்பதால் இது வேண்டும் என்று டாக்டரம்மா வற்புறுத்தினார்.

அதற்குள் தீபாவளி வந்துவிட்டது. அந்த ஆண்டு நவம்பர் 12. அதையொட்டி இரண்டு வாரம் எடையைக் குறைக்க முயலாமல், இருக்கிற எடையிலேயே நிற்கிற அளவுக்கு, 1,800 கலோரி சாப்பிட்டேன். இது நானாகக் கண்டுபிடித்ததல்ல. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பருமனான 51 ஆண்களை வைத்து நடத்திய ஆய்வில், இரண்டு வாரம் குறைத்து இரண்டு வாரம் நிறுத்தி என்று மாறி மாறிச் செய்தவர்களுக்கு, தொடர்ந்து குறைத்தவர்களைவிட அதிகம் குறைந்ததாக 2017-இல் செய்தி வந்தது. பின்னால் வந்த எல்லா ஆய்வுகளும் அதை ஆமோதிக்கவில்லை. எனக்கு அதனால் உடல் வேகமெடுத்ததா என்று சொல்ல மாட்டேன். தூக்கம் சரியானது, வீட்டில் எரிந்து விழுவது நின்றது, அடி எண்ணிக்கை தானாகவே 7,000-க்கு மேல் போனது. அந்த இரண்டு வாரத்தில் ஏறியது 600 கிராம்; மூன்றாவது வாரம் அது போய்விட்டது. அதிரசம் நான்கு சாப்பிட்டேன், நான்கையும் எழுதி வைத்தேன்.

டிசம்பர் நடுவில் வாரச் சராசரி முதன்முறையாக 73-க்குக் கீழே, 72.6 என்று வந்தது. பிறகு வாரத்துக்கு 200 கிராம், 250 கிராம் என்று மெதுவாகவே இறங்கியது. 2024 ஏப்ரலில் 68.9. எச்பிஏ1சி 5.6, ஹீமோகுளோபின் 12.3. மே மாதத்திலிருந்து 68-க்கும் 69-க்கும் இடையில் மறுபடி நின்றுவிட்டது. இந்த முறை தூக்கையும் கரண்டியையும் அடிக் கணக்கையும் பார்த்தேன். மூன்றும் சரியாகவே இருந்தன. மேலும் இறங்க வேண்டுமானால் இன்னும் 200 கலோரி குறைக்க வேண்டும், அல்லது அந்த அளவுக்கு நடக்க வேண்டும். நாளுக்கு ஏழு மணி நேரம் கவுன்ட்டர், வீட்டில் நடமாட்டம் குறைந்துவிட்ட மாமியார். இரண்டும் இப்போதைக்கு என்னால் ஆகாது என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். இடுப்பு இன்னும் 86 செ.மீ.; பெண்களுக்கு 80-க்குள் இருக்க வேண்டும் என்பதை அவர் நினைவூட்டிவிட்டு, ஆறு மாதம் இந்த எடையையே பிடித்து வைத்திருங்கள், பிறகு பார்க்கலாம் என்றார்.

தூக்கை மட்டும் இன்னும் ஞாயிறுதோறும் தராசில் வைக்கிறோம். இப்போது அதை வைத்துப் பார்த்துச் சொல்பவர் மாமியார். போன வாரம் 560 கிராம்.